சுவர்க் கடிகாரமும் ஆழக் குரல்காரரும்

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. நம் வட்டத்தை நடத்தும் பல் டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். சுற்றுப் பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒருவர் வீட்டில் அது இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது.

விதிகள் உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம், அதனால் மற்றவற்றையும் நினைவுபடுத்திவிடுகிறேன். நாம் ஒன்பது பேர். வெளியுலகம் அறியாத ஒரு பாடகரையோ வாத்தியக்காரரையோ ஒவ்வொருவரும் தேடிப் பிடித்து, கேசட்டில் பதிந்து பெட்டியில் போட வேண்டும். மற்ற எட்டுப் பேரும் மூன்று முறை கேட்ட பிறகே நோட்டில் கருத்து எழுதலாம். எழுதியதை அடிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. பிறகு பெட்டியைக் கட்டி அடுத்த முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பட்டியலில் எனக்கு அடுத்த முகவரி உங்களுடையதாக அமைந்தது என் நேரம்.

ஒரு செய்தியும் இருக்கிறது. பெட்டி சுற்ற ஆரம்பித்துப் பத்து ஆண்டு ஆகிறது அல்லவா? இதுவரை வந்ததில் சிறந்ததைத் தொகுத்து டாக்டர் முந்நூறு கேசட் போடப் போகிறார். வானொலி நிலையங்களுக்கும் நூலகங்களுக்கும் போகும். பழைய கேசட்டுகளை மறுபடி பெட்டியில் போட்டுச் சுற்றுக்கு விட்டது இந்தத் தேர்வுக்காகத்தான். முதல் பாட்டாக எதை வைக்கிறார்கள் தெரியுமா? நான் கொண்டுவந்த ஆழக் குரல்காரரை. பெயர் தெரியாத, ஊர் தெரியாத, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத அந்த மனிதரை. பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. அவரைக் கண்டெடுத்த கதையை இரண்டு பக்கம் எழுதித் தரும்படி டாக்டர் கேட்டிருக்கிறார். வட்டத்தில் என்னைச் சும்மா ‘காது’ என்று கூப்பிடவில்லை.

பெட்டியில் இருக்கும் அந்தக் கேசட்டிலிருந்துதான் பிரதி எடுக்கப் போகிறார்கள். ஜூன் பத்துக்குள் அது டாக்டர் கையில் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் தயவு செய்யுங்கள். உங்களுக்கு அவரைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஏழு பேர் பக்கம் பக்கமாக எழுதிய இடத்தில் நீங்கள் எழுதியது ஒரே ஒரு சொல்: ‘கேட்டேன்.’ மளிகைக் கடைக்காரர்கூட அதைவிட நீளமாகப் பில் எழுதுவார்.

அண்ணனை விட்டு உங்களிடம் கேட்கலாம் என்று தொலைபேசி செய்தால், “நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கோங்கம்மா. நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?” என்று வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
நாத்தனார்


ஏப்ரல் 15

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. விதிகள் நினைவிருக்கின்றன. அவற்றில் ஒன்று, மூன்று முறை கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கொண்டுவந்த மவுத் ஆர்கன்காரரை நீ மூன்று முறை கேட்டாயா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம். ‘மூச்சு வாங்கும் நோயாளி ஊதுவது போல் இருக்கிறது. அண்ணி கடையில் கண்ணாடி தேய்க்கிற சத்தத்தில் இதைவிடச் சுருதி இருக்கும்.’ எட்டுப் பேர் படித்தார்கள். அதுவரை அவரை நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருந்தவர்களும் உன் வரியைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். காது சொன்ன பிறகு அப்பீல் ஏது? அவர் எங்கள் கடைக்கு எதிரே தையல் மெஷின் பழுது பார்ப்பவர். “என்ன சொன்னாங்க உங்க ஆளுங்க?” என்று ஆசையாக வந்து கேட்டார். “இன்னும் பெட்டி வரலை” என்று ஆறு மாதம் பொய் சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. மயிரிழை பிசகினால் அணிகிறவருக்கு ஒரு வாரம் தலைவலி. பதினாறு வருஷத்தில் என் மேசையிலிருந்து போன கண்ணாடி இரண்டே முறைதான் திரும்பி வந்திருக்கிறது, அதில் ஒன்று சட்டத்தின் கோளாறு. அந்த வேலையை இழுத்து நீ கேலி செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெட்டியை நான் சோம்பலில் பிடித்து வைக்கவில்லை. உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று மாதம் போய்விட்டது. நீயே எழுதிவிட்டதால் கேட்கிறேன். உன் கேசட் பெட்டிக்குள் ஓடும் ரப்பர் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினாய்?

ஆழக் குரல்காரர் பாடத் தொடங்கும் முன் ஒன்றரை நிமிஷம் வெறும் அறைச் சத்தம் இருக்கிறது. நாற்காலி இழுக்கிறார்கள், யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள். பின்னால் ஒரு சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. உன்னிடம் இருக்கும் மூலக் கேசட்டைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணிப் பார்.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணிக்கு,

எண்ணினேன். நீங்கள் சொன்னதற்காக எண்ணவில்லை, உங்கள் வாயை அடைக்க எண்ணினேன். ஐம்பத்து நாலு. மூன்று முறையும் ஐம்பத்து நாலு. அதனால் என்ன? அந்த வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடினால் அதற்கு நானா பொறுப்பு?

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். என் கண்டுபிடிப்பு முதல் பாட்டாகப் போகிறது, உங்களுடையது பட்டியலிலேயே இல்லை. வயிறு எரிகிறது. எரியட்டும், ஆனால் கடிகாரத்தைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்கிறேன். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாலும், எந்த ஓட்டுநர் எந்த வண்டியை உள்ளே கொண்டுவருகிறார் என்று ஹாரனை வைத்தே சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் எங்கள் நிலையத்தில் நிறைய. இதுவரை பதினொரு பேரைப் பெட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வேறு யாரும் ஏழைத் தாண்டவில்லை. ‘இவர் கொண்டுவரும் குரல்களுக்கெல்லாம் ஒரு நிதானம் உண்டு’ என்று டாக்டர் நோட்டில் எழுதினார். அந்த வரியைக் காகிதத்தில் எழுதி அறிவிப்பு அறை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதைப் படித்துச் சிரித்தாலும் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேசட் எனக்குக் கிடைத்தது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. பழைய சாமான் கடையில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய பெயரில்லாத கேசட்டுகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் போய் ஐந்து ஐந்தாக எடுத்துவந்தேன். பெரும்பாலும் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தது, வரவேற்புரை, இருமல். நாற்பதாவதோ என்னவோ, இவர் வந்தார். முதல் வரியிலேயே கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படிப் பாடுகிறவரைப் போய்ப் பெல்ட் என்கிறீர்கள்.

பெட்டியை அனுப்பிவிடுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 30

குட்டிக்கு,

(உன் அண்ணன் உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறார். நானும் ஒரு காலத்தில் கூப்பிட்டேன். கோபத்தில் ‘நாத்தனார்’ என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது.)

நிமிஷத்துக்கு ஐம்பத்து நாலு டிக் ஓடும் கடிகாரம் ஒரு நாளில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கும். காலையில் சரிசெய்தால் மாலைக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறவிட்டிருக்கும். அப்படி ஒன்றை எந்த வீட்டிலும் சுவரில் மாட்டி வைக்க மாட்டார்கள், கழற்றிப் பரணில் போட்டிருப்பார்கள். கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. உன் கேசட் பெட்டிதான் தளர்ந்து ஓடுகிறது. அதில் ஓடவிட்டு, ஒயர் கோத்து, வேலை இடத்துச் சின்ன ரெக்கார்டரில் பதிந்து பெட்டியில் போடுகிறாய் அல்லவா? அந்தத் தளர்ச்சியும் சேர்ந்து பதிவாகிவிட்டது. என் பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. கடிகாரம் அறுபது வரும்வரை திருகினேன்.

இவ்வளவு நாள் உனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். தெரிந்த பாட்டாக இருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். தெரிந்த பாட்டையெல்லாம் நீ ரேடியோவில்தான் கேட்பாய். அந்தப் பெட்டியில் போட்டதெல்லாம் யாருக்கும் தெரியாதவர்கள். தெரியாதவர் எப்படிப் பாடுவார் என்று யார் கண்டது? நம்மைப் போன்ற கிறுக்குகளுக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உனக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று உண்டு. பேருந்து நிலையத்தில் விடுப்பு நாட்களுக்காக உன் அறிவிப்பைக் கேசட்டில் பதிந்து வைத்திருப்பார்களே, அதை வீட்டுக்கு எடுத்துப்போய் உன் பெட்டியில் போடு.

‘கேட்டேன்’ என்று மட்டும் ஏன் எழுதினேன் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடிகார விஷயம் எனக்கு அப்போதே தெரியும். எழுதியிருந்தால் மவுத் ஆர்கனுக்குப் பழி வாங்குகிறாள் என்று எட்டுப் பேரும் நினைத்திருப்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, நானும் கோபத்தில்தான் இருந்தேன். என்றாவது ஒரு நாள் தானாக முட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது நல்ல குணம் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அண்ணி


மே 19

அண்ணிக்கு,

மூன்று வாரம் பதில் போடவில்லை. போட முடியவில்லை.

அறிவிப்புக் கேசட்டை எடுத்துவந்து போட்டேன். ‘நான்காவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்.’ வந்தது என் குரல் இல்லை. அண்ணனுக்குச் சளி பிடித்து, பாதித் தூக்கத்தில் எழுப்பிப் படிக்கச் சொன்னால் அப்படி இருக்கும். கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

ரேடியோ பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். பின்பக்கம் கழற்றி, தொங்கிப்போன ரப்பரை விரலில் மாட்டிக் காட்டினார். “இது நேத்து இன்னைக்கு வந்த கோளாறு இல்லம்மா. வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடியிருக்கும். உங்க காதுக்குத் தெரியவே இல்லையா?” என்றார். கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

புது பெல்ட்டில் மூலக் கேசட்டைப் போட்டேன். ஆழக் குரல்காரர் போய்விட்டார், அண்ணி. கொஞ்சம் கட்டைக் குரலில் ஒரு பெண் பாடுகிறாள். துக்கம் எல்லாம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவள் போல விறுவிறு என்று பாடுகிறாள். நான் அந்த மனிதரை இரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்தேன். முகம்கூடக் கற்பனை செய்திருந்தேன், நரைத்த மீசையோடு. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

மற்ற பத்தும் அதே கதைதான். எல்லோருக்கும் ஒரு நிதானம் உண்டு என்று டாக்டர் எழுதினாரே, அது என் ரப்பரின் நிதானம். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டேன். உங்கள் மவுத் ஆர்கன்காரரையும் அதே பெட்டியில்தான் கேட்டேன் என்பதும் உறைத்தது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

இனி நான் கேட்கப் போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். இது யாருக்கும் தெரியாது, உங்களைத் தவிர. இரண்டு பக்கக் கட்டுரையை டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். ‘நிதானம்’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. ஏழு பேரும் அந்தக் குரலை அப்படியேதான் விரும்புகிறார்கள். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? முந்நூறு பேர் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். சொன்னால், என்னிடம் இருக்கும் ஒரே பட்டம் போய்விடும். படிப்பில் நான் சுமார், சமையலில் அதைவிடச் சுமார். காது ஒன்றுதான் இருந்தது.

குட்டி


மே 24

அன்புள்ள குட்டிக்கு,

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் சொல்லாதவள் இப்போதா சொல்லப் போகிறேன்? விதியை மீறிப் பெட்டியை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். உன் மெதுவான கேசட்டும் அதில் இருக்கிறது, நான் திருகைத் திருப்பிச் சரியான வேகத்தில் எடுத்த பிரதியும் இருக்கிறது. எதை டாக்டருக்கு அனுப்புவது என்பது உன் முடிவு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் எங்கோ இருக்கிறாள். முந்நூறு பேர் வீட்டில் அவள் குரல் ஒரு மீசைக்காரரின் குரலாக ஒலிக்கும். அவளே கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. பெயர் தெரியாதவர்களை நாலு பேருக்குத் தெரியவைக்கத்தானே நாம் பெட்டியைச் சுற்றவிடுகிறோம்? கண்டுபிடித்துவிட்டு மறுபடி தொலைத்துவிடுவதா?

அவளைத் தேட ஒரு வழி இருக்கிறது. இந்த முறை பெட்டி வந்தபோது கேசட்டை முழுவதும் ஓடவிட்டேன். பாட்டு முடிந்ததும் நாம் எல்லோரும் நிறுத்திவிடுகிறோம், அன்று கை வேலையாக இருந்ததால் நிறுத்தவில்லை. ஏழு நிமிஷம் வெறும் இரைச்சல். அதன் பிறகு அதே பெண் பேசுகிறாள். “போதும், அணைச்சிடு. காலையில ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும். கிளட்ச்ச எப்படி விடணும்னு தெரியாம மூணு பேர் வர்றாங்க.” கேசட் உன் ஊர்ப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண்கள் உன் ஊரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

காதைப் பற்றி நீ எழுதியதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. ரப்பர் தளர்ந்தது, சரி. கூடையில் கிடந்த வாய்ப்பாட்டையும் இருமலையும் தள்ளிவிட்டு அந்த ஒன்றைப் பிடித்தது ரப்பரா? எத்தனை தளர்ச்சியிலும் உனக்கு அது நல்ல பாட்டு என்று தெரிந்திருக்கிறது. கண் மங்கலானவர் கூட்டத்தில் சொந்தக்காரரை நடையை வைத்தே அடையாளம் பிடிப்பதைக் கடையில் தினம் பார்க்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டால் முகமும் தெரியும், அவ்வளவுதான்.

பெட்டியைப் பத்தாம் தேதிக்குள் அனுப்ப மறக்காதே. விதிகள் உனக்கு மறந்திருக்கலாம்.

அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்!

மூன்று பயிற்சிப் பள்ளிகளில் ஆண்கள்தான். ஒருவர் என்னைச் சேர்த்துக்கொள்ள விண்ணப்பமே எடுத்துவிட்டார். நான்காவது பள்ளியில் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனி பிரேக். “பேசணும்னா பின்னாடி ஏறிக்கோங்க, கிளாஸ் நடக்குது” என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்த ஒரு வங்கிக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

கையோடு கொண்டுபோன சின்ன ரெக்கார்டரில் எதை முதலில் போட்டேன் தெரியுமா? மெதுவானதை. மனசு கேட்கவில்லை. என் மீசைக்காரருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “யாருங்க இது? நல்லாத்தான் பாடுறாரு. ஆனா ஏன் இவ்வளவு சோகம்? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?” என்றார். வங்கிக்காரர் சிரித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

பிறகு உங்கள் பிரதியைப் போட்டேன். பாட்டு இன்னும் தொடங்கவில்லை, கடிகாரச் சத்தம்தான் ஓடுகிறது. அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “இது எங்க வீட்டு ஹால்” என்றார். பாட்டு வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது வரியில் கூடவே பாட ஆரம்பித்தார், அண்ணி. பின் இருக்கையில் நான் உட்கார்ந்திருக்க, நடுத்தெருவில் வண்டி நிற்க, பின்னால் நாலு பேர் ஹாரன் அடிக்க, முழுவதும் பாடி முடித்தார். எங்கள் நிலைய வண்டியும் ஒன்று அதில் நின்றது. ஓட்டுநர் யார் என்று திரும்பாமலே தெரிந்தது.

அவருடைய தங்கை விளையாட்டாகப் பதிந்ததாம். வீடு மாறும்போது சாமான்களோடு போய்விட்டதாம். சொந்தமாக இட்டுக்கட்டிய பாட்டு, இன்னும் முப்பது இருக்கின்றன. ஒருவரும் கேட்டதில்லை. கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். “இன்னமும் ஓடுது. ஒரு நிமிஷம் முன்ன பின்ன போகாது” என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன்.

முந்நூறு கேசட் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “தாராளமா போடுங்க. ஆனா என் வேகத்துல போடுங்க. வண்டியிலதான் மெதுவா போகச் சொல்லுவேன், பாட்டுல இல்ல. பேரையும் பெருசா போடுங்க.”

நேராக வீட்டுக்கு வந்து டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பெல்ட், கடிகாரம், பதினொன்று, எதையும் விடவில்லை. பழைய கட்டுரையைக் கிழித்துப் போடச் சொல்லி, உங்கள் பிரதியோடு பெட்டியை அனுப்பிவிட்டேன். நீங்கள் பிரதியை அனுப்பாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா பாடியதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மவுத் ஆர்கன்காரரைப் புது பெல்ட்டில் மூன்று முறை கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறாரே, அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். நோட்டில் அடித்தல் கூடாது, அதனால் என் பழைய வரி அப்படியே இருக்கிறது. அதன் கீழே எழுதியிருக்கிறேன்: ‘மேலே உள்ளது பழுதான பெட்டியில் கேட்டு எழுதியது. பெட்டி என்னுடையது. கேலியும் என்னுடையது, அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது பாட்டை எல்லோரும் மறுபடி கேளுங்கள்.’ தையல் மெஷின்காரரிடம் பெட்டி வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

கேசட் உறையில் ‘கொண்டுவந்தவர்’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று டாக்டர் கேட்டிருந்தார். எழுதி அனுப்பிவிட்டேன். என்ன என்று சொல்ல மாட்டேன், வந்ததும் பாருங்கள்.

உங்கள்
குட்டி


ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டிக்கு,

டாக்டரின் சுற்றறிக்கை போன வாரமே வந்தது. உன் கடிதத்தை அப்படியே அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். ‘பத்து ஆண்டில் பெட்டிக்கு வந்ததிலேயே நேர்மையான பதிவு இது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வை, இது ரப்பரின் புண்ணியம் இல்லை. உனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்களாமே, ‘ஐம்பத்து நாலு’ என்று? நீயே அந்தப் பெயரில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. காது என்பதைவிட அது உனக்குப் பொருத்தம்.

எல்லோரும் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு தங்கள் பெட்டிகளைச் சோதித்தார்களாம். டாக்டருடையது வேகமாக ஓடுகிறதாம்! பத்து வருஷமாக அவசரப்பட்டுக் கருத்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறார்.

சுற்றறிக்கையோடு டாக்டர் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் நகலைத் தையல் மெஷின்காரருக்குப் படித்துக் காட்டினேன். மேல் வரியையும் சேர்த்துத்தான் படித்தேன். “முதல் பாட்டு எனக்கும் அவ்வளவா பிடிக்காது. இவங்க சரியான ஆளுதான்” என்றார். அடுத்த சுற்றுக்குப் புதிதாக ஊதித் தருகிறாராம்.

நேற்று கேசட் வந்தது. உறையைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். ‘கொண்டுவந்தவர்: பேருந்து நிலைய அறிவிப்பாளர். சரியாகக் கேட்டவர்: அவருடைய அண்ணி, கண்ணாடி தேய்ப்பவர்.’ முதலாளி அதைக் கண் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கச் சொன்னார். மாட்டியாயிற்று. பார்வை சரியாக இல்லாதவர்களுக்குக்கூட அந்த எழுத்துத் தெரிகிறது என்று கடையில் கேலி செய்கிறார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுத வரவில்லை.

வீட்டுக்கு எடுத்து வந்து ஓடவிட்டேன். உன் அண்ணனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பாட்டும் மிக்ஸி சத்தமும் அவருக்கு ஒன்றுதான். பயிற்சி அம்மா பாட ஆரம்பித்ததும் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

“இதுக்கா ரெண்டு பேரும் இத்தனை கூத்தடிச்சீங்க? இது நம்ம வீட்டுல தினம் ஓடுற பாட்டுதானே? ரெண்டு வருஷமா சமையல்கட்டுல இதே பாட்டுதான் ஓடுது. எனக்கே வரி மனப்பாடம்.”

சொன்னது மட்டும் இல்லை, ஒரு வரி பாடியும் காட்டினார். அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். எப்படியும் அவர் தொலைபேசியில் உளறிவிடுவார், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஆமாம், குட்டி. முதல் சுற்றிலேயே சரியான வேகத்தில் எனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பாட்டை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

உன்
அண்ணி